அசாம் தோட்டங்களின் உப்புத் தேநீர்

ஆங்கிலேயர் வருவதற்கு முன் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் உப்பு மலிவான பொருளாக இருந்ததில்லை. கடலிலிருந்து நெடுந்தொலைவில் அமைந்த அந்நிலத்துக்குக் கிழக்கே சதியாவிலும் நாகமலை அடிவாரத்துப் போர்ஹாட்டிலும் இருந்த உவர்நீர் ஊற்றுகளே உள்ளூர் ஆதாரம்; அங்கே காய்ச்சி எடுக்கப்பட்ட உப்பு நாட்டின் தேவைக்குப் போதாததால், எஞ்சியது வங்காளத்திலிருந்து படகில் ஏற்றப்பட்டு, கோவால்பாராவைக் கடந்து, ஆற்றோட்டத்தை எதிர்த்து வந்து சேர்ந்தது. வங்காளத்திலிருந்து அசாமுக்குச் சென்ற சரக்குகளில் மதிப்பால் முதலிடம் உப்புக்கே இருந்தது. 1793இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேப்டன் வெல்ஷ் அகோம் மன்னர் கௌரிநாத சிங்கனுடன் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையிலும் உப்பின் மீதான சுங்கம் முக்கிய இடம் பெற்றது. இந்தப் பற்றாக்குறையை அசாமியக் குடும்பங்கள் தம் வழியில் ஈடுசெய்தன. வாழைக்காய்த் தோலையும் தண்டையும் வெயிலில் உலர்த்தி எரித்து, அந்தச் சாம்பலில் தண்ணீர் விட்டு வடித்தெடுக்கும் 'கார்' என்ற காரநீரைப் பப்பாளிக்காயோடும் பருப்போடும் கீரையோடும் சேர்த்துச் சமைத்தனர். இன்றும் அசாமியப் பகலுணவின் முதல் பதார்த்தமாக அது பரிமாறப்படுகிறது. சமையல் உப்பு சோடியத்தால் ஆனது; வாழைச் சாம்பலிலோ பொட்டாசியமே மிகுதி. முன்னது இரத்த அழுத்தத்தை ஏற்றுவது, பின்னது தணிப்பது என்று இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் கண்டறிந்ததை நினைத்துப் பார்த்தால், வறுமையால் உண்டான அந்தச் சமையல் முறை உடலுக்கு எவ்வளவு இசைவாக இருந்தது என்பது விளங்கும்.

பிற்காலத்தில் இப்பள்ளத்தாக்கின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட முண்டா, ஒராவோன், சந்தால், காரியா முதலிய ஆதிவாசி மக்களின் தாய்நிலமான சோட்டா நாகபுரிப் பீடபூமியிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. நெல்லோடு கேழ்வரகும் சாமையும், காட்டுக் கீரையும் கிழங்கும், பஞ்சத்துக்குக் கைகொடுக்கும் இலுப்பைப் பூவும் அங்கே வீட்டிலும் காட்டிலும் கிடைத்தன. உப்பு மட்டும் வெளியிலிருந்து வரவேண்டும். வாரச்சந்தையில் அரக்கையோ இலுப்பைப் பூவையோ வணிகரிடம் கொடுத்து அதற்கு ஈடாக அவர் அளந்து தரும் உப்பைப் பெற்றுக்கொள்ளும் மக்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்க முடியாது. உப்பு அரிதாக இருந்த நிலத்திலிருந்து உப்பு அரிதாக இருந்த மற்றொரு நிலத்துக்கு வந்த மக்களிடையே, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள், உப்பாலும் அதன் விளைவான உயர் இரத்த அழுத்தத்தாலும் குறிக்கப்படும் ஒரு வாழ்க்கை எப்படி உருவாயிற்று என்பது மருத்துவ வினாவாக இருப்பதைவிட வரலாற்று வினாவாகவே முதலில் இருக்கிறது.

தேயிலையின் வரவு பலரும் அறிந்த கதை. 1823இல் ராபர்ட் புரூஸ் என்ற வணிகர், சிங்போ மக்களின் தலைவர் ஒருவர் வாயிலாக, காட்டில் தானே வளரும் தேயிலைச் செடியைப் பற்றி அறிந்தார். 1826இல் பர்மாவுடன் செய்த யாண்டபோ உடன்படிக்கையின் வழி அசாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1839இல் லண்டனில் அசாம் கம்பெனி தொடங்கப்பட்டது. காடு எல்லையின்றிக் கிடந்தது, அதை வெட்டித் திருத்த ஆள் இல்லை. சொந்த நிலம் வைத்திருந்த அசாமியக் குடியானவர் துரையின் கீழ்க் கூலிக்குப் போக விரும்பவில்லை. சீனாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்த முயற்சி தோற்றது. தராங் பகுதியின் கச்சாரி மக்களைக் கொண்டு சில ஆண்டுகள் வேலை நடந்தது. 1850களின் இறுதியிலிருந்து தோட்ட முதலாளிகளின் பார்வை சோட்டா நாகபுரியின் மீது விழுந்தது. ஜமீன்தாரும் வட்டிக்காரரும் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த அந்நாட்டில் பஞ்சமும் சேர்ந்தபோது ஆள் பிடிப்பது எளிதாயிற்று. அர்க்காட்டி எனப்பட்ட தரகர்கள் கிராமம் கிராமமாகச் சென்று ஆசை காட்டி, சில வேளைகளில் கடத்தியும், ஆட்களை ஆள்சேர்ப்பு டிப்போக்களில் சேர்த்தனர். பின்னர் தோட்டத்திலிருந்தே ஒரு தொழிலாளியைச் சர்தாராக்கி அவர் ஊருக்கு அனுப்பி உறவினரை அழைத்துவரச் செய்யும் முறையும் வந்தது. இலங்கையிலும் ஆனைமலையிலும் தமிழ்த் தொழிலாளரைச் சேர்த்த கங்காணிக்கு இணையானவர் இந்தச் சர்தார் என்றாலும், அசாமில் அவரோடு கூடவே குற்றவியல் சட்டமும் நின்றது.

1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் வேலையை விட்டுச் சென்ற தொழிலாளியைத் தண்டிக்க வழிசெய்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் தப்பியோடியவரை வாரண்ட் இல்லாமலேயே பிடிக்கும் அதிகாரத்தைத் தோட்ட முதலாளிக்குத் தந்தது. 1863 மே முதல் 1866 மே வரையிலான மூன்றாண்டுகளில் அசாமுக்குக் கொண்டுவரப்பட்ட 84,915 பேரில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்துபோயினர் என்ற கணக்கு அக்கால அரசு ஆவணங்களிலேயே பதிவாகி, பின்வந்த வரலாற்றாசிரியர்களால் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்பட்டது. வாந்திபேதியும் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் கொன்றவர்கள் அவர்கள். 1880களில் துவாரகாநாத் கங்குலியும் ராம்குமார் வித்யாரத்னமும் தோட்டங்களுக்குச் சென்று கண்டவற்றை வங்காள இதழ்களில் எழுதிய பின்னரே இந்தியப் படித்த வகுப்பாருக்கு இந்தக் கொடுமை தெரியவந்தது.

1865ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்ச மாதக் கூலியாக ஆணுக்கு 5 ரூபாயும் பெண்ணுக்கு 4 ரூபாயும் சிறுவருக்கு 3 ரூபாயும் நிர்ணயித்தது. இத்தொகையே ஏறக்குறைய அந்நூற்றாண்டு முழுவதும் அசையாமல் நின்றது. 1901இல் அசாமின் தலைமை ஆணையர் ஹென்றி காட்டன் அதைச் சற்றே உயர்த்த முயன்றபோது தோட்ட முதலாளிகள் கொதித்தெழ, வைஸ்ராய் கர்சன் அவர்கள் பக்கம் சாய்ந்தார். இதே காலத்தில் உப்பின் மீது அரசு விதித்த வரி 1882இல் வங்காள மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, 2 ரூபாயாகவும் 1888இல் இரண்டரை ரூபாயாகவும் இருந்தது. இங்கிலாந்தின் செஷயர் சுரங்க உப்பு லிவர்பூல் துறைமுகத்தில் கப்பலேறிக் கல்கத்தாவில் இறங்கி, அங்கிருந்து பிரம்மபுத்திராவில் ஓடிய நீராவிக் கப்பல்களில் மேலே சென்றது. அதே ஆற்றுவழியில்தான் ஆட்களும் மேலே சென்றனர், தேயிலைப் பெட்டிகள் கீழே வந்தன. வரி ஏறியிருந்தபோதும், சர்க்கரையோடும் பாலோடும் ஒப்பிட்டால் உப்பே தோட்டக் கணக்கில் மலிவான சுவைப்பொருளாக இருந்தது. 1903 முதல் வரி படிப்படியாகக் குறைந்து 1907இல் மணங்குக்கு ஒரு ரூபாயானபோது அது இன்னும் எளிதில் கைக்கெட்டியது.

இந்தப் பின்புலத்தில்தான் தோட்டங்களின் உப்புத் தேநீரைப் பார்க்கவேண்டும். கொழுந்து மிகுதியாக வரும் மாதங்களில் காலை முதல் மாலை வரை வெயிலிலும் மழையிலும் நின்று பறிக்கும் பெண்களுக்கு, வேலைக்கு இடையில், தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து உப்பிட்ட கருந்தேநீர் தகர டின்களில் தோளில் சுமந்துவரப்பட்டு, கையோடு கொண்டுவந்த குவளையிலோ போத்தலிலோ ஊற்றித் தரப்படும். பாலும் சர்க்கரையும் அதில் கிடையாது. வீட்டிலும் விடியற்காலையில் அதே தேநீர், மாலையில் திரும்பியதும் அதே தேநீர். சோற்றோடும் ரொட்டியோடும் தொட்டுக்கொள்ளும் குழம்பின் இடத்தைக்கூட அது சில வேளைகளில் பிடித்துக்கொள்ளும். இளங்கொழுந்தை உள்ளங்கையில் கசக்கி, நறுக்கிய வெங்காயமும் பச்சைமிளகாயும் உப்பும் சில சொட்டுக் கடுகெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து ரொட்டியோடு தின்னும் வழக்கமும் இம்மக்களிடம் உண்டு. காய்கறி வாங்கக் காசில்லாத நாளில் அந்தப் பிசைந்த கொழுந்தே பதார்த்தம். வியர்வையில் போகும் உப்பை ஈடுசெய்யவே உப்புத் தேநீர் தரப்பட்டது என்பது தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் விளக்கம். சர்க்கரை வாங்க மனமில்லாத நிர்வாகத்தின் சிக்கனம் அது என்பது தொழிலாளர் தரப்பில் கேட்கப்படும் மறுமொழி. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. செலவைக் குறைக்கும் ஏற்பாட்டுக்கு உடல்நலக் காரணம் ஒன்று துணையாகக் கிடைத்துவிட்டால் அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைத்துவிடும்.

அந்த உடல்நலக் காரணத்துக்கு அக்கால அறிவியலின் ஆதரவும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1923இல் இங்கிலாந்தின் ஆழ்ந்த நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தோருக்கு ஏற்பட்ட தசைப்பிடிப்பை ஆராய்ந்த நெவில் மாஸ், மிகுதியாக வியர்த்தபின் வெறும் தண்ணீரைக் குடிப்பதே அதற்குக் காரணம் என்றும், குடிநீரில் சிறிது உப்புச் சேர்த்தால் பிடிப்பு நீங்கும் என்றும் காட்டினார். அதன் பின் சுரங்கங்களிலும் உலைக்கூடங்களிலும் தொழிலாளருக்கு உப்புநீரும் உப்பு வில்லையும் கொடுப்பது உலகெங்கும் நடைமுறையானது. ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் செய்த ஆய்வுகள், வெப்பத்தில் சில நாள் வேலை செய்து பழகிய உடல், வியர்வையிலும் சிறுநீரிலும் உப்பை இழப்பதைத் தானே வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது என்று காட்டின. பிறந்த நாள் முதல் அந்த வெயிலிலேயே வளர்ந்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கூடுதல் உப்பு தேவைப்படவில்லை என்பதே இதன் பொருள். இந்த இரண்டாவது கண்டுபிடிப்பு தோட்டத்தின் டின்களை எட்டவில்லை.

உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும் வழி இன்று தெளிவாகத் தெரிந்ததே. உடலில் சேரும் சோடியத்தைச் சிறுநீரகம் முழுவதும் வெளியேற்ற இயலாதபோது, அதைக் கரைத்துவைக்கத் தண்ணீரும் உடலில் தங்கிவிடுகிறது. இரத்தத்தின் அளவு கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் இது நீடிக்கையில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் தடித்து இறுகி, இதயம் கூடுதல் விசையோடு இரத்தத்தைத் தள்ளவேண்டியதாகிறது. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு உண்ணக்கூடிய உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உப்பிட்ட சோறும் கறியும் ஊறுகாயும் போக, நாளில் பல குவளை உப்புத் தேநீரும் குடிப்பவர் இந்த அளவைத் தாண்டுவதற்கு எதுவும் மிகையாகச் செய்யவேண்டியதில்லை.

உப்போடு மதுவும் புகையிலையும் சேர்ந்தன. சோட்டா நாகபுரியில் ஹடியா எனப்படும் அரிசிக் கள், மூலிகைகள் சேர்ந்த ரானு என்ற புளிக்கவைக்கும் உருண்டையால் வீட்டிலேயே உண்டாக்கப்பட்டு, முன்னோருக்குப் படைக்கப்பட்டு, நடவிலும் அறுவடையிலும் திருமணத்திலும் ஊரே கூடிக் குடிக்கும் பானம். அதற்கென நாளும் முறையும் இருந்தன. தோட்டத்தில் விழாவின் நாள்காட்டி தளர்ந்து கூலி நாளின் நாள்காட்டி வந்தது. தலப் எனப்படும் சம்பள நாளன்று தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லைன்களுக்கு அருகிலேயே சாராயம் கிடைத்தது. வெல்லப்பாகைக் காய்ச்சி வடிக்கும் சுலாய் என்ற சாராயம் ஹடியாவின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. 2019 பிப்ரவரியில் கோலாகாட், ஜோர்ஹாட் மாவட்டங்களில் நச்சுச் சாராயம் குடித்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். இரத்த அழுத்தத்தின் கணக்கில் அந்த ஒருநாள் பேரழிவைவிட அன்றாடக் குடியின் பங்கே பெரிது, ஏனெனில் தொடர்ந்து குடிக்கப்படும் மது, உப்பைப் போலவே, அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றிவைக்கிறது. சுண்ணாம்பு சேர்த்து உள்ளங்கையில் தேய்த்து உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் கைனி என்ற புகையிலை, பசியையும் அலுப்பையும் மறக்க ஆண்களும் பெண்களும் பகல் முழுதும் பயன்படுத்துவது. அதிலுள்ள நிகோடின் இதயத் துடிப்பை விரைவாக்கி இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது.

தோட்ட மருத்துவம் நெடுங்காலம் இதைக் காணவில்லை. தோட்ட மருத்துவமனை தொழிலாளியை வேலைக்குத் தகுதியாக வைத்திருக்கவே ஏற்பட்டது. ஆகவே மலேரியா, காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சல், வாந்திபேதி, கொக்கிப்புழு, இரத்தசோகை என வேலைநாளைக் குறைக்கும் நோய்களே எண்ணப்பட்டன. இரத்த அழுத்தம் காய்ச்சலைப் போல ஒருவரைப் படுக்கவைப்பதில்லை. பக்கவாதமோ மாரடைப்போ வரும் நாள் வரை அவர் கூடையைச் சுமந்தபடிதான் இருப்பார். 1905இல் ருஷ்ய மருத்துவர் கொரொட்கோவ், கையில் காற்றுப்பட்டையைக் கட்டி நாடியின் ஒலியைக் கேட்டு அழுத்தத்தை அளக்கும் முறையைக் கண்டறிந்துவிட்டார் என்றாலும், அந்தக் கருவி ஏழைகளின் ஊர்களில் அனைவரையும் அளக்கும் கருவியாக மாற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் தொடங்கிய ஆய்வு, உயர் இரத்த அழுத்தம், புகைத்தல், கொழுப்பு ஆகியவை பின்னாளில் வரும் இதயநோயை முன்கூட்டியே உணர்த்துகின்றன என்று நிறுவி, 'இடர்க்காரணி' என்ற கருத்தை 1961இல் மருத்துவ உலகுக்குத் தந்தது. அது வெள்ளையரான நடுத்தர வகுப்பாரின் நகரம் என்பதால், இந்நோய் வசதியானவரின் நோய் என்ற எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை.

திப்ருகரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் 1982இல் அமைந்த பிறகு இந்தக் காட்சி மாறத் தொடங்கியது. ஹசாரிகா, பிஸ்வாஸ், மஹந்தா முதலிய ஆய்வாளர்கள் தோட்டத் தொழிலாளரிடையே நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், 30 வயதைக் கடந்த ஆயிரத்துச் சொச்சம் பேரை அளந்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 61 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. இந்திய நகரங்களில் அக்காலத்தில் கண்ட அளவுகளைவிட இது இருமடங்குக்கு அருகில் வருவது. கூடுதல் உப்பு, உள்ளூர்ச் சாராயம், கைனி, ஏறும் வயது ஆகியவை இதனோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. நகரங்களில் உடல் பருமனும் உட்கார்ந்த வேலையும் முதற்காரணங்களாகப் பேசப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே அழுத்தம் ஏறியிருந்த உடல்களில் மிகப் பல மெலிந்தவை, நாளெல்லாம் நடந்து சுமந்து உழைத்தவை. உடல் எடையைக் குறையுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று மருத்துவமனைச் சுவர்களில் எழுதியிருக்கும் அறிவுரை அவர்களுக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

மெலிந்த உடலில் அழுத்தம் ஏறுவதற்கு வேறொரு விளக்கமும் உண்டு. 1980களின் இறுதியில் ஆங்கிலேய மருத்துவர் டேவிட் பார்க்கர், எடை குறைவாகப் பிறந்த குழந்தைகள் வளர்ந்தபின் உயர் இரத்த அழுத்தத்துக்கும் இதயநோய்க்கும் அதிகம் ஆளாகின்றனர் என்று காட்டினார். கருவில் ஊட்டம் குறையும்போது சிறுநீரகத்தில் வடிகட்டும் அலகுகள் குறைவாகவே உருவாகின்றன. அவை வாழ்நாள் முழுதும் அந்தக் குறைவோடுதான் உப்பை வெளியேற்றவேண்டும். இரத்தசோகையோடு மாதம் நிறையும் வரை கொழுந்து பறித்த தாயின் குழந்தைக்கு வளர்ந்தபின் வரும் அழுத்தத்தில் அந்தத் தாயின் கூலிக்கும் உணவுக்கும் பங்குண்டு. இடர்க்காரணி அட்டவணைகளில் 'பழக்கம்' என்ற தலைப்பின் கீழ் வரும் பலவும் தோட்டம் ஏற்படுத்திக் கொடுத்தவை என்பதை இதனால்தான் அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆதிவாசிகளின் பிறவியிலேயே இந்த நோய்க்கான கூறு அமைந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு வேறு கண்டங்களின் சான்றுகள் விடை தருகின்றன. 1929இல் கென்யாவின் கவிரோண்டோ பகுதியில் பணியாற்றிய டானிசன் என்ற மருத்துவர், அங்குள்ள மக்களிடம் ஐரோப்பியரைப் போல வயதோடு அழுத்தம் ஏறவில்லை என்று எழுதினார். 1988இல் வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வு, 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சிறுநீரில் உப்பை அளந்து பார்த்தது. சமையலில் உப்பே சேர்க்காத அமேசான் காட்டின் யனோமாமி மக்களின் சராசரி அழுத்தம் 96/61 என்ற அளவிலேயே நின்றது. அதற்கு ஈராண்டுக்குப் பின், மேற்குக் கென்யாவின் லூவோ கிராமங்களிலிருந்து நைரோபிக்கு வேலைதேடிச் சென்றோரைத் தொடர்ந்து அளந்தவர்கள், ஊரைவிட்டு வந்த சில மாதங்களுக்குள்ளேயே அவர்களுடைய அழுத்தம் ஏறியதையும், அவர்களது உணவில் சோடியம் கூடிப் பொட்டாசியம் குறைந்திருந்ததையும் கண்டனர். இனம் மாறவில்லை, பாத்திரத்திலிருந்ததும் வாழ்ந்த முறையும் மாறின. லூவோ இளைஞர்கள் ஓராண்டுக்குள் கடந்த தொலைவை அசாம் ஆதிவாசிகள் ஐந்தாறு தலைமுறைகளாகக் கடந்தனர் என்பதே வேறுபாடு. திரும்பிப் போக அவர்களுக்கு ஊரும் எஞ்சவில்லை. ஜார்க்கண்டில் பட்டியல் பழங்குடியாக இருக்கும் முண்டாவும் சந்தாலும் ஒராவோனும் அசாமில் அந்தத் தகுதி இல்லாமல், 'தேயிலைப் பழங்குடி' என்ற பெயரோடு பிற்பட்ட வகுப்பாராகவே கணக்கிடப்படுகின்றனர்.

திரும்பிப் போக முயன்றவர்களும் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் விலைவாசி ஏறியும் கூலி ஏறாத நிலையில், 1921 மே மாதம் கரீம்கஞ்சை அடுத்த சர்கோலா பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பத்தோடு தோட்டங்களை விட்டு நடந்தனர்; சாந்த்பூரில் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் மீது இரவில் கூர்க்கா சிப்பாய்கள் ஏவப்பட்டனர், எஞ்சியோரிடையே வாந்திபேதி பரவியது. ஐந்தாண்டு கழித்து 1926இல் 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் வழக்கொழிந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவமனை, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. அந்தச் சட்டத்தோடு மலிவு விலை அரிசியும் கோதுமை மாவும் கூலியின் ஒரு பகுதியாகத் தொடர்ந்தன. பசியைத் தடுத்தது அந்த ரேஷன்தான். அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் சோறும் ரொட்டியும் உறுதியாக, காயும் கனியும் கீரையும் கூலியில் மிஞ்சினால் மட்டும் என்ற நிலையில் பொட்டாசியம் அடுக்களைக்குள் வருவது அரிது.

பெண்களின் நிலை தனித்துச் சொல்லவேண்டியது. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். கருவுற்ற காலத்தில் அழுத்தம் ஏறி, கைகால் வீங்கி, சிறுநீரில் புரதம் கசிந்து, இறுதியில் வலிப்பாக முடியும் நோய் தாய்மார் இறப்புக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. இரத்தசோகை உள்ள உடலில் பிரசவத்தின்போது சிறிது இரத்தப்போக்கும் ஆபத்தாகிவிடுகிறது. 2018–20 ஆண்டுகளுக்கான அரசுக் கணக்கின்படி இந்தியாவில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தபோது அசாமில் 195 பேர் இறந்தனர். நாட்டிலேயே அதிகமான அந்த எண்ணுக்குள் தோட்டப் பெண்களின் பங்கு பெரிது. அந்தக் கணக்கெடுப்புக் காலத்துக்குள்தான், 2018இல், அசாம் அரசு தோட்டத்தின் கருவுற்ற பெண்களுக்கு 12,000 ரூபாய் கூலி ஈட்டுத்தொகை தரும் திட்டத்தைத் தொடங்கியது. வயிற்றில் குழந்தையோடு கூடை சுமக்காமல் ஓய்வெடுக்கவும் பரிசோதனைக்குப் போகவும் அந்தத் தொகை உதவும் என்பது நோக்கம். இது மிகத் தாமதமாக வந்த, மிகத் தேவையான நடவடிக்கை. அடுத்த ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் தோட்டக் குடும்பங்களுக்கு மாதம் 2 கிலோ சர்க்கரை இலவசமாக அறிவிக்கப்பட்டது. தேநீரில் உப்புக்குப் பதில் சர்க்கரை சேருமானால் இரத்த அழுத்தம் குறைய வாய்ப்புண்டு. நீரிழிவை நோக்கி ஒரு கதவு திறப்பதையும் கவனிக்காமல் இருக்க முடியாது. உப்பும் சர்க்கரையும் இல்லாத தேநீரோடு ஒரு வாழைப்பழமோ அவித்த பயறோ வயலுக்கு வருவதே பொருத்தமான மாற்று என்றாலும், அதற்குச் சர்க்கரையைவிடச் செலவு அதிகம்.

மருந்து கிடைப்பதிலும் இடர் இருக்கிறது. உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகள் விலை குறைந்தவை. ஆனால் அவை நாள் தவறாமல், உடம்புக்கு ஒன்றும் தெரியாத நாளிலும், ஆயுள் முழுதும் விழுங்கவேண்டியவை. மாத்திரை வாங்கப் போகும் நாள் ஹாஜிரா, அதாவது அன்றைய வேலைப் பதிவு, இழக்கும் நாளாக இருந்தால், 2023 அக்டோபரில் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் 250 ரூபாயாக இருந்த நாட்கூலியில் அந்த இழப்பு வீட்டுக்குப் பெரிதாகத் தெரியும். தோட்டத்துக்குள்ளேயே மருத்துவமனை இருக்கவேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த விதி இந்த இடத்தில்தான் உயிர் காப்பதாகிறது.

ஆனால் அசாமின் தேயிலை இப்போது அந்தப் பாதுகாப்பின் வேலிக்கு வெளியே வேகமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. 1980களுக்குப் பிறகு பெருகிய சிறு தேயிலை விவசாயிகள் இன்று மாநிலத்தின் விளைச்சலில் ஏறக்குறைய பாதியை உண்டாக்குகின்றனர். அவர்களுடைய சில ஏக்கர் நிலங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பழைய தோட்டங்களில் நிரந்தர வேலை கிடைக்காத அதே ஆதிவாசிக் குடும்பங்களின் பிள்ளைகள். பெரிய தோட்டங்களுக்குள்ளும், கொழுந்து மிகும் மாதங்களுக்கு மட்டும் பெயர் பதியப்பட்டு, ஃபால்து என்று அழைக்கப்படும் தற்காலிகத் தொழிலாளரின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. நிரந்தரத் தொழிலாளியின் குடும்பத்துக்குத் தோட்ட மருத்துவமனை மீது உள்ள உரிமை இவர்களில் பலருக்கு முழுமையாக இல்லை. லைன்களை விட்டுப் பக்கத்துக் கிராமங்களில் குடியேறிய இவர்கள் வேலைக்குக் கொண்டுபோகும் போத்தலில் இன்றும் உப்பிட்ட கருந்தேநீர்தான் இருக்கிறது. அவர்களுடைய இரத்த அழுத்தத்தை அளக்கும் பொறுப்பு அரசின் துணைச் சுகாதார நிலையங்களுக்கும் வீடுவீடாகச் செல்லும் ஆஷா பணியாளர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.